தவணை தவறிய நிலா

மாட்டுங்கா பழைய பேப்பர் கடையில்
தராசுக்குப் போகவிருந்த கட்டிலிருந்து உருவினேன்.
அட்டை இல்லை, முதல் பதினோரு பக்கம் இல்லை,
எழுதினவர் பெயரும் அவற்றோடு போயிருந்தது.
"பத்து ரூபா. படிச்சா சிரிப்பு வரும்"
என்றார் கடைக்காரர், சிரிக்காமல்.

பன்னிரண்டாம் பக்கத்தில்
நிலாவை ஜப்தி செய்ய லாரி வருகிறது.
பூமி எப்போதோ அடகு வைத்து
வட்டி கட்ட மறந்துபோன நிலா.
லாரியின் முதுகில் 'ஹாரன் அடிக்கவும்.'
வெற்றிடத்தில் யார் காதுக்கு என்கிறான் டிரைவர்.
கிளீனர் சொல்கிறான்: ரூல்னா ரூல் அண்ணே.

தாதர், ஆறு நாற்பத்தேழு, விரார் லோக்கல்.
மூன்று பேர் பெஞ்சில் நாலாவது சீட்,
அதாவது அரை இடுப்பு பலகையில், மீதி காற்றில்.
அப்படி உட்கார்ந்து ஒருத்தி தனியாகச் சிரித்தால்
பெண்கள் பெட்டி விட்டுவிடுமா?

ரவிக்கைக்குக் கொக்கி தைத்தபடி ஹேமாங்கி கேட்டாள்.
என் இந்தி, ரயில் இந்தி.
தள்ளுங்க, இறங்கணுமா, அடுத்தது எது,
இதற்கு மேல் வளர்ந்ததில்லை.
ஆனால் 'ஜப்தி' என்றேன்,
அந்த ஒரு சொல்லை யாருக்கும்
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் நாளுக்கொரு அத்தியாயம், போரிவலி வரை.
எந்தத் திசை பார்த்து ஊளையிடுவதென்று
நாய்கள் கமிட்டி போட்டது அந்தேரியில்.
கடக ராசிக்குப் பொறுப்பு அதிபதியாக
புதனை நியமித்து, படி தர மறுத்தது மலாடில்.
சந்திராஷ்டமம் ரத்தாகிவிட்டதால்
தன் கோபத்துக்குத் தானே காரணம் என்று கண்டு
ஒரு மேலதிகாரி கழிவறையில் அழுத இடத்தில்
எனக்கே சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கியது.

"பிறை தெரியாட்டி பெருநாள்?" என்றாள் ஜுபேதா.
கொஞ்ச நேரம் யோசித்து அவளே,
"சரி, முப்பதையும் முடிச்சிடுவோம்."

சகுபாய் மட்டும் சிரித்ததே இல்லை.
காலி மீன்கூடையைக் கவிழ்த்துக் கதவோரம் இருப்பாள்.
ஒரு நாள் மீரா ரோட்டில்,
"நிலா போயிடுச்சு. அப்போ கடல் எப்படி ஏறும்?"
புரட்டினேன். இருநூறு பக்கத்தில்
கடலையே மறந்திருந்தார் மனிதர்.
"உன் ஆளு கரைக்காரன் இல்ல" என்றாள்.
நானே எழுதி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

மறுநாள் அவளே இடம் பிடித்து வைத்திருந்தாள்.
"அமாவாசைக்கு நிலா தெரியுமா?"
தெரியாது.
"அன்னிக்குத்தான் கடல் பலமா ஏறும்.
தெரியலேன்னா இல்லேன்னு ஆயிடாது.
பேங்க்காரன் தூக்கிட்டுப் போகல,
துணி போட்டு மூடி சீல் வெச்சிருக்கான்.
போய்ப் பார்க்கச் சொல்லு அவங்களை."

பதினேழாம் அத்தியாயத்தின் ஓரத்தில்
பென்சிலால் இதை எழுதி வைத்திருக்கிறேன்,
அடுத்த தராசில் யாராவது உருவினால் ஆகட்டும் என்று.

என் ஸ்கூட்டருக்கு இரண்டு தவணை நிற்கிறது.
வசூல்காரர் எண் வந்தால்
போனைக் கவிழ்த்து வைப்பது வழக்கம்.
நேற்று எடுத்தேன்.
அவர் குரலை உயர்த்த உயர்த்த
எனக்கு அந்த லாரியின் முதுகுதான் தெரிந்தது.
பத்தாம் தேதி என்றேன், அமைதியாக.
"சிரிக்கிறீங்களா மேடம்?" என்றார்.
இல்லை சார், பாலம் வருது, சத்தம்.

பாலம் வந்தது நிஜம்.
பாயந்தர் தாண்டி, கீழே கழிமுகம்,
உப்பும் சாக்கடையும் கலந்த காற்று.
கதவுக் கம்பியைப் பிடித்து
சகுபாய் தலையை வெளியே நீட்டினாள்.
மேலே சரியாக அரை நிலா.

"பாதிதான் கட்டியிருக்கானுங்க" என்றாள்.

பெட்டி முழுக்கச் சிரித்ததில்
நாய்காவில் இறங்க வேண்டிய இரண்டு பேர்
வசை வரை வந்துவிட்டார்கள்.